நீதிபதி குல்தீப் சிங்குக்கு வேலூர் மண் செலுத்த வேண்டிய மரியாதை

ஆம்பூருக்கு அருகே உள்ள கிராமம் ஒன்றில் இளைஞர் மன்றம் நடத்தும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "பாலாற்றைத் தோல் கழிவு நாசம் செய்த வழக்கில் 1996ல் தீர்ப்பளித்த நீதிபதி குல்தீப் சிங் மறைந்துவிட்டார். அவருக்கு எங்கள் பகுதியில் சிலை வைக்கவோ, ஒரு சாலைக்குப் பெயர் சூட்டவோ மனு கொடுக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அரசியல் ரீதியாக ஏதாவது செய்வதுதான் சரி என்று வேறு சிலர் சொல்கிறார்கள். எது பொருத்தம்? அரசியல் என்றால் எதைச் செய்வது?"

இரண்டாவது தரப்பினர் சொல்வதே சரி என்பது என் கருத்து. அந்தத் தீர்ப்பில் நீதிமன்றம் தானே செய்து முடிக்கக்கூடிய வேலை மிகக் குறைவு. அதிலுள்ள ஏறக்குறைய ஒவ்வொரு உத்தரவும் மத்திய அரசையோ, மாநில அரசையோ, மாவட்ட ஆட்சியரையோ, மாசு கட்டுப்பாடு வாரியத்தையோ நோக்கிப் பிறப்பிக்கப்பட்டது. ஆகவே அது நிறைவேறுவதும் கிடப்பில் கிடப்பதும் அரசை யார் கேட்கிறார்கள், எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அமைகிறது. கேட்பவர்கள் இல்லாத ஆண்டுகளில் தீர்ப்பு என்ன ஆனது என்பதை வேலூர் மாவட்டம் கண்கூடாகப் பார்த்திருக்கிறது.

சிலையைப் பற்றி ஒரு சொல். பொதுச் சாலைகளிலும் நடைபாதைகளிலும் புதிதாகச் சிலைகள் அமைக்க அனுமதிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியில் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டிருக்கிறது. உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்து தீர்ப்பெழுதிய ஒருவருக்கு அந்த நீதிமன்றத்தின் உத்தரவை மீறியே நான்கு முனைச் சந்திப்பில் சிலை வைப்பது விசித்திரமான அஞ்சலியாக இருக்கும்.

குல்தீப் சிங் 1932 ஜனவரி 1 அன்று இன்றைய பாகிஸ்தானில் உள்ள ஜீலத்தில் பிறந்தவர். பஞ்சாபின் அட்வகேட் ஜெனரலாக இருந்தார். வழக்கறிஞராக இருந்தவரை நேரடியாக உச்ச நீதிமன்ற நீதிபதியாக நியமிப்பது அரிது. அவர் 1988 டிசம்பரில் அவ்வாறு நியமிக்கப்பட்டு, 1996 டிசம்பர் 31 அன்று ஓய்வு பெற்றார். 2024 நவம்பர் 25 அன்று, 92 வயதில் காலமானார். பசுமை நீதிபதி என்ற பெயர் அவருக்கு வரக் காரணமான தீர்ப்புகளில் பல அவருடைய பணிக்காலத்தின் கடைசி ஐந்து மாதங்களில் வந்தவை: ஆகஸ்ட் 28ல் வேலூர் வழக்கு, டிசம்பர் 11ல் கடலோர இறால் பண்ணைகள் வழக்கு, டிசம்பர் 13ல் பியாஸ் ஆற்றின் போக்கை மாற்றிய விடுதி தொடர்பான கமல்நாத் வழக்கு, டிசம்பர் 30ல் தாஜ்மகாலைச் சுற்றியுள்ள ஆலைகள் வழக்கு. இறால் பண்ணை வழக்கைத் தொடுத்தவர் நம் மாநிலத்துச் சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வேலூர் வழக்குக்கு வருவோம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991ல் அரசமைப்புச் சட்டத்தின் 32ஆவது பிரிவின் கீழ் நேரடியாக உச்ச நீதிமன்றத்தை அணுகியது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா அந்த வழக்கில் ஆற்றிய பணியைப் பாராட்டிய நீதிமன்றம், அவருக்கு 50,000 ரூபாய் கொடுக்கும்படி தமிழக அரசுக்கு உத்தரவிட்டது. தீர்ப்பில் பதிவாகியுள்ள விவரங்கள் இன்று படித்தாலும் நெஞ்சை உறுத்துபவை. ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது; குரோமியம் கொண்டு பதனிடும் முறையில் சுமார் 170 வகை ரசாயனங்கள் பயன்படுகின்றன; தோல் தொழிற்சாலைகள் உள்ள பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றதாகிவிட்டது என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் கண்டறிந்தது. ஆம்பூரை அடுத்த சோலூரில் 1983ல் நடந்த நிலத்தடி நீர் ஆய்வின் அறிக்கையும் அந்தத் தீர்ப்பில் எடுத்தாளப்பட்டிருக்கிறது. ஆகவே, உங்கள் ஊர்க் கிணறுகள் கெட்ட செய்தி வழக்குப் போடுவதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே அரசின் கோப்பில் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும், ஏனெனில் மாசு எப்படி வந்தது என்பதிலேயே அரசியல் இருக்கிறது. பாலாற்றங்கரையில் தோல் பதனிடுதல் நூற்றாண்டு கடந்த தொழில். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு ஊறவைத்துப் பதனிட்ட காலத்திலும் நாற்றமும் கழிவுநீரும் இருக்கத்தான் செய்தன. ஆனால், பாதி பதனிட்ட தோலாகவே ஏற்றுமதி செய்வதால் நாட்டுக்குக் கிடைக்க வேண்டிய வருமானம் வெளிநாட்டு ஆலைகளுக்குப் போகிறது என்று சொல்லி, சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஏற்று 1970களில் மத்திய அரசு அத்தகைய ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. முழுமையாக்கிய தோலையும் தோல் பொருட்களையும் ஏற்றுமதி செய்யச் சலுகைகள் கொடுத்தது. குரோமியப் பதனிடுதல் பெருகியது. வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் மேல்விஷாரத்திலும் ராணிப்பேட்டையிலும் வேலைவாய்ப்பு பெருகியது உண்மை. அந்நியச் செலாவணி வந்ததும் உண்மை. ஆனால் ஏற்றுமதிக் கொள்கையை வகுத்த அரசு, கழிவுநீருக்கு என்ன வழி என்பதைக் கொள்கையாக வகுக்காமல் தொழிற்சாலைக்காரரின் பொறுப்பில் விட்டது. அவர் அதைப் பக்கத்து நிலத்திலும், அங்கிருந்து ஓடையிலும், ஓடையிலிருந்து பாலாற்றிலும் விட்டார். அரசியல் முடிவால் பிறந்த கேட்டை அரசியல் முடிவால்தான் தீர்க்க முடியும் என்று நான் சொல்வதற்கு இதுவே முதல் காரணம்.

இரண்டாவது காரணம் தீர்ப்பிலேயே இருக்கிறது. ஆறு, ஏரி போன்ற நீர்நிலைகளிலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள் அதிகம் மாசுபடுத்தும் தொழில்களை அனுமதிக்கக் கூடாது என்று தமிழக அரசே 1989 மார்ச் 30 அன்று 213ஆம் எண் அரசாணையை வெளியிட்டிருந்தது. நீர் மாசு தடுப்புச் சட்டம் 1974லிருந்து இருந்தது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986ல் வந்தது; அதன் 3(3) பிரிவின்படி, மாசைக் கட்டுப்படுத்தவும் சூழலைக் காக்கவும் போதிய அதிகாரம் உள்ள ஆணையத்தை மத்திய அரசு அமைத்திருக்கலாம்; பத்தாண்டுகளாக அமைக்கவில்லை. குல்தீப் சிங், அவருடன் அமர்ந்த நீதிபதிகள் ஃபைசான் உத்தீன், கே. வெங்கடசாமி ஆகிய மூவரும் செய்த வேலையின் பெரும்பகுதி, அரசு தானே எழுதி வைத்ததை அரசுக்கே திரும்பப் படித்துக் காட்டியதுதான். கேடு நேரும் முன்பே தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கொள்கை, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை ஆகிய இரண்டும் இந்தியச் சட்டத்தின் பகுதியே என்று அறிவித்தது மட்டும் புதிது. அதற்கு அவர்கள் அரசமைப்பின் 21, 47, 48ஏ, 51ஏ(ஜி) பிரிவுகளை ஆதாரமாகக் கொண்டார்கள். இந்தியாவின் எந்தச் சட்டக் கல்லூரியில் சுற்றுச்சூழல் சட்டம் கற்பித்தாலும் வேலூர் என்ற பெயரைச் சொல்லாமல் பாடம் நகராது. ஊர் பெயர் பெற்ற அளவுக்கு ஊர்க்காரர் பலன் பெற்றார்களா என்பதே கேள்வி.

உத்தரவுகளைப் பாருங்கள். 1996 செப்டம்பர் 30க்குள் ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரின் தலைமையில் மத்திய அரசு ஆணையம் அமைக்க வேண்டும். அந்த ஆணையம் இரண்டு கணக்குகளைத் தனித்தனியே போட வேண்டும்: கெட்டுப்போன சூழலைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவு ஒன்று, பாதிக்கப்பட்டவர்களுக்குத் தர வேண்டிய இழப்பீடு மற்றொன்று. மாவட்ட ஆட்சியர் அந்தத் தொகையைத் தொழிற்சாலைகளிடமிருந்து வசூலிக்க வேண்டும். கொடுக்க மறுத்தால் நிலவரி பாக்கியைப் போல வசூலிக்கலாம். வடஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் (வேலூர் மாவட்டத்தின் அன்றைய பெயர்) உட்பட ஐந்து மாவட்டங்களில் உள்ள ஒவ்வொரு தோல் தொழிற்சாலையும் 10,000 ரூபாய் மாசு அபராதம் கட்ட வேண்டும். பொது சுத்திகரிப்பு நிலையமோ சொந்த சுத்திகரிப்பு அமைப்போ ஏற்படுத்தி வாரியத்தின் இசைவாணை பெற நவம்பர் 30 வரை அவகாசம். பெறாதவற்றை ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் மூட வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தில் சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் பசுமை அமர்வு ஏற்படுத்த வேண்டும். 10,000 ரூபாய் என்பது பெரிய தொழிற்சாலைக்கு ஒரு நாள் டீச் செலவு என்று அன்றே கேலி பேசியவர்கள் உண்டு; அந்தக் கேலியில் நியாயமும் உண்டு. ஆனால் அபராதத்தின் அளவை வைத்து இந்தத் தீர்ப்பை எடைபோடக் கூடாது. அதன் பலம் அந்த இரண்டு கணக்குகளில் இருக்கிறது.

ஆணையம் குறித்த காலத்தில் அமைந்தது. சூழல் இழப்பு ஆணையம் என்று அதை அழைத்தார்கள். அது 2001 மார்ச் 7 அன்று அளித்த தீர்வத்தில், அதாவது இழப்பீட்டைத் தீர்மானிக்கும் ஆணையில், அன்றைய வேலூர் மாவட்டத்தில் 29,193 பேர் பாதிக்கப்பட்டவர்கள் என்றும், அவர்களுக்கு ஏறத்தாழ 26.82 கோடி ரூபாய் தர வேண்டும் என்றும் கணக்கிட்டது. இது 1991 முதல் 1998 வரையிலான பாதிப்புக்கு மட்டும். சராசரியாகத் தலைக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம் ரூபாய் வருகிறது; ஏழெட்டு ஆண்டு விளைச்சல் இழந்த நிலத்துக்கு இது ஈடாகாது என்று சொல்ல விவசாயியாக இருக்க வேண்டியதில்லை. 2009ல் இன்னொரு தீர்வமும் வந்தது. பிறகு உயர் நீதிமன்றம், 2010ல் அதன் உத்தரவு, அதன்மேல் உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடுகள் என்று காலம் ஓடியது. 2025 ஜனவரி 30 அன்றுதான் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு இறுதித் தீர்ப்பளித்தது: வழங்கப்படாத இழப்பீட்டை ஆறு வாரத்துக்குள் மாநில அரசே முதலில் கொடுத்துவிட்டு, பிறகு தொழிற்சாலைகளிடமிருந்து வசூலித்துக்கொள்ள வேண்டும்; ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்துப் பாலாற்றுப் பகுதியைச் சீரமைக்க வேண்டும்; இவை நடக்கின்றனவா என்பதை நீதிமன்றம் தொடர்ந்து கண்காணிக்கும். குல்தீப் சிங் இறந்து இரண்டு மாதங்களும் சில நாட்களும் கழிந்த பின் வந்த தீர்ப்பு இது. அவர் ஐந்து வாரத்துக்குள் ஆணையம் அமைக்கச் சொன்ன வழக்கில், இழப்பீட்டைக் கொடுத்து முடியுங்கள் என்று மறுபடி சொல்ல இருபத்தெட்டு ஆண்டுகள் ஆயின.

ஏன் இத்தனை காலம்? வழக்கறிஞர்கள் இழுத்தடித்தார்கள் என்பது பாதி விடை. மீதிப் பாதி, இழுத்தடித்ததால் எந்தக் கட்சிக்கும் ஒரு வாக்குகூடக் குறையவில்லை என்பது. 1996க்குப் பிறகு தமிழகத்தில் ஆட்சி பலமுறை கை மாறியது, மத்தியிலும் மாறியது. நிலவரி பாக்கி போல வசூலிக்கும் அதிகாரம் ஆட்சியரிடம் அத்தனை காலமும் இருந்தது. கூட்டுறவுக் கடன் பாக்கிக்கு ஏழை விவசாயியின் வீட்டுக்கு ஜப்தி நோட்டீசுடன் வரத் தெரிந்த நிர்வாகத்துக்கு, இந்த வசூல் எப்படிச் செய்வது என்று தெரியாமல் போனதாக நான் நம்பத் தயாராக இல்லை. செய்யும்படி மேலிருந்து நெருக்கடி வரவில்லை. மேலே இருந்தவர்களுக்குக் கீழிருந்து நெருக்கடி வரவில்லை.

பாலாறு பற்றித் தேர்தல் மேடைகளில் யாரும் பேசுவதில்லை என்று சொல்ல முடியாது. நிறையப் பேசுகிறார்கள். ஆந்திரம் கட்டிய தடுப்பணைகளைப் பற்றியும், ஆற்றுநீர் குறித்த 1892ஆம் ஆண்டு ஒப்பந்தத்தைப் பற்றியும், உச்ச நீதிமன்றத்தில் உள்ள வழக்கைப் பற்றியும் எல்லாக் கட்சியினரும் முழங்குகிறார்கள். அந்தக் கோரிக்கை நியாயமானது. நான் அதைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் பாலாறு தமிழகத்துக்குள் 222 கிலோமீட்டர் ஓடுகிறது. அந்த நீளத்தில் கலந்த கழிவுக்கும், அள்ளிய மணலுக்கும் எல்லைக்கு அப்பால் இருப்பவர் மீது பழி போட முடியாது. பக்கத்து மாநிலத்தைத் திட்டுவதற்கு உள்ளூரில் எதிரி கிடையாது. தன் தொகுதியில் தேர்தல் செலவுக்குப் பணம் தருபவரிடம் வசூல் செய் என்று சொல்வதற்கு உண்டு. அரசியல்வாதி எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதில் வியப்பில்லை. வேறொன்றைத் தேர்ந்தெடுக்கும்படி செய்ய வேண்டியவர்கள் வாக்காளர்கள்.

பலர் மறந்துவிட்ட ஒரு செய்தி இங்கே பொருந்துகிறது. 2002ல் அமைக்கப்பட்ட தொகுதி மறுசீரமைப்பு ஆணையத்தின் தலைவர் குல்தீப் சிங்தான். 2008ல் நடைமுறைக்கு வந்த அந்த வரையறைப்படியே நாம் வாக்களிக்கிறோம். பேரணாம்பட்டு, நாட்றம்பள்ளி ஆகிய சட்டமன்றத் தொகுதிகள் மறைந்ததும், ஆம்பூர், கீழ்வைத்தினான்குப்பம், ஜோலார்பேட்டை ஆகியவை தொகுதிகளாக வந்ததும் அப்போதுதான். வாணியம்பாடி, ஆம்பூர், குடியாத்தம், கீழ்வைத்தினான்குப்பம், அணைக்கட்டு, வேலூர் ஆகிய ஆறும் சேர்ந்து வேலூர் மக்களவைத் தொகுதியாயின. தோல் தொழிலின் முக்கியமான ஊர்களில் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு மூன்றும் ஒரே மக்களவை உறுப்பினரின் கீழ் வருகின்றன. ராணிப்பேட்டையும் மேல்விஷாரமும் அரக்கோணம் உறுப்பினரின் கீழ் வருகின்றன. எனவே, பாலாற்றுக் கழிவைப் பற்றி டெல்லியில் கேட்க வேண்டியவர்கள் இரண்டே பேர். அவர்களைப் பெயர் சொல்லிக் கேட்பது கடினமான வேலை இல்லை.

இனி என்ன செய்வது என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். முதல் வேலை மேடையில் நடப்பதல்ல. வீடு வீடாக நடப்பது. 2001 பட்டியலில் உங்கள் ஊராட்சியைச் சேர்ந்தவர்கள் யார் யார், எந்த சர்வே எண்ணுக்கு எவ்வளவு, யாருக்குக் கொடுத்தார்கள், யாருக்குக் கொடுக்கவில்லை என்ற விவரத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஆட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததால் சிக்கல் ஒன்று உண்டு: ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்கும், ராணிப்பேட்டையும் மேல்விஷாரமும் ராணிப்பேட்டை மாவட்டத்துக்கும் போயின, பேரணாம்பட்டு வேலூரிலேயே இருக்கிறது. பட்டியல் ஒன்று, ஆட்சியர்கள் மூவர். ஒரு அலுவலகம் இன்னொன்றைக் கை காட்டக்கூடும் என்பதால் மனுவை மூவருக்கும் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதன்பின் மாநிலத் தகவல் ஆணையம் என்ற வரிசை உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

பட்டியல் கையில் வந்ததும் தெரியவரும் உண்மை இதுவாகத்தான் இருக்கும்: பெயர் உள்ளவர்களில் கணிசமானோர் உயிருடன் இல்லை. 1991ல் ஐம்பது வயதில் இருந்த பட்டாதாரருக்கு இப்போது எண்பதைத் தாண்டியிருக்கும். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கும். பாகப்பிரிவினை வாய்மொழியாக நடந்திருக்கும். ஒரு மகள் வேலூரிலும் ஒரு மகன் பெங்களூரிலும் இருப்பார்கள். வாரிசுச் சான்றிதழ் யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள். பணத்தைக் கொடுக்க அரசு தயாரானாலும், "உரிமை கோருவோர் ஆவணம் தாக்கல் செய்யவில்லை" என்று ஒரே வரியில் கோப்பை மூடிவிடலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் பழைய அடங்கல் நகலும், வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழும் வாங்கித் தர ஊருக்கு நான்கு இளைஞர்கள் முன்வந்தால், தமிழகத்தில் கட்சி கட்டுவதற்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது. இதை அரசியல் என்று பலர் கருதுவதில்லை. ஆனால் கட்சிக்காரர் ஒருவரை ஊர் நம்பத் தொடங்குவது இத்தகைய வேலையில்தான்.

அடுத்து கிராம சபை. தமிழகத்தில் இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம் என்பதால் கழிவுநீர்த் தீர்மானத்தைப் பொருளில் சேர்க்க முடியாது என்று யாரும் அன்றைக்குச் சொல்வது கடினம். தீர்மானப் புத்தகத்தில் "பாலாற்றைக் காக்க வேண்டும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது வாழ்த்துரை. எழுத வேண்டியது இப்படி இருக்கலாம்: "சூழல் இழப்பு ஆணையம் 7.3.2001 அன்றும் 24.8.2009 அன்றும் அளித்த தீர்வங்களின்படி இவ்வூராட்சியைச் சேர்ந்த இணைப்பில் கண்ட நபர்களுக்கு வழங்கப்படாமல் உள்ள இழப்பீட்டை, உச்ச நீதிமன்றத்தின் 30.1.2025 தீர்ப்பின்படி வழங்கக் கோரியும், இணைப்பில் கண்ட கிணறுகளின் நீரை மாசு கட்டுப்பாடு வாரியம் ஆண்டுக்கு இருமுறை பரிசோதித்து, முடிவை ஊராட்சி அறிவிப்புப் பலகையில் வெளியிடக் கோரியும் இச்சபை தீர்மானிக்கிறது." இணைப்பில் பெயர்களும் கிணறுகளின் சர்வே எண்களும் இருக்க வேண்டும். குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பதே விரும்பத்தக்கது. வேறு நீர் இல்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. இதை அளக்கும் கையடக்கக் கருவியில் எடுத்த அளவை நீதிமன்றம் ஏற்காவிட்டாலும், எந்தக் கிணற்றை முறைப்படி சோதிக்கச் சொல்லலாம் என்று முடிவு செய்ய அது போதும்.

கிராம சபைத் தீர்மானத்தால் ஒரு தொழிற்சாலையை மூட முடியாது. அந்த மயக்கம் வேண்டாம். அதன் பயன் வேறு. நீதிமன்றம் தொடர்ந்து கண்காணிக்கும் வழக்கில், "எல்லாம் கொடுத்தாகிவிட்டது" என்று அதிகாரி ஒருவர் அறிக்கை தாக்கல் செய்தால், இன்னின்னாருக்குக் கொடுக்கவில்லை என்று இருபது ஊராட்சிகளின் தீர்மானங்கள் எதிரே நிற்கும். நகராட்சிப் பகுதியில் இருப்பவர்களுக்குக் கிராம சபை போன்ற ஏரியா சபை உண்டு. அது இன்னும் பழக்கத்துக்கு வராத மேடை என்பதால் முதலில் கேட்பவர் குரல் தெளிவாகக் கேட்கும்.

சட்டமன்ற உறுப்பினரிடம் எதைக் கேட்பது என்பதில் துல்லியம் தேவை. "பாலாற்றைப் பற்றிப் பேசுங்கள்" என்றால் பேசிவிடுவார். அதைவிட, அபராதமும் இழப்பீட்டுத் தொகையும் சேர்வதற்காகத் தீர்ப்பு ஏற்படுத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிதியில் இதுவரை எவ்வளவு சேர்ந்தது, அதில் எவ்வளவு எந்த ஊரில் எந்த வேலைக்குச் செலவானது, தொழிற்சாலைகளிடமிருந்து மாவட்ட வாரியாக வசூலானது எவ்வளவு, நிலுவை எவ்வளவு என்று பேரவையில் கேள்வி எழுப்பச் சொல்லுங்கள். பேரவையின் மனுக்கள் குழு மாவட்டங்களுக்கு வரும்போது நேரில் மனு கொடுங்கள். மக்களவை உறுப்பினரிடம் கேட்க வேண்டியது வேறு: சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 3(3) பிரிவின் கீழ் ஆணையம் அமைத்தது மத்திய அரசு, சீரமைப்புச் செலவில் மத்திய அரசின் பங்கு என்ன என்பதை அவர்தான் கேட்க முடியும். தேர்தல் காலத்தில் இதே கேள்விகளை வேட்பாளர்கள் அனைவரிடமும் எழுத்தில் கொடுத்து, கையெழுத்திட்ட பதிலை ஊர்ப் பலகையில் ஒட்டுங்கள். பதில் தராதவரின் பெயருக்கு எதிரே இடத்தை வெறுமையாக விடுங்கள். அதற்கு மேல் விமர்சனம் தேவையில்லை.

ஒரு கட்சியின் பின்னால் மட்டும் போக வேண்டாம் என்றும் சொல்வேன். தோல் தொழிலோடு தொடர்புள்ளவர்கள் எல்லாக் கட்சிகளிலும் இருக்கிறார்கள். பாதிக்கப்பட்டவர்களும் எல்லாக் கட்சிகளிலும் இருக்கிறார்கள்.

மிகவும் கவனமாக இருக்க வேண்டிய இடம் தொழிலாளர் பற்றியது. அதிகாலையில் கம்பெனிப் பேருந்துக்காகக் கிராமத்து முனைகளில் நிற்கும் பெண்களைப் பாருங்கள். காலணித் தொழிற்சாலைகளில் தையல் பிரிவிலும் ஒட்டும் பிரிவிலும் வேலை செய்பவர்கள் அவர்களே. கெட்டுப்போன நிலத்தின் சொந்தக்காரருடைய மகளோ மருமகளோ அந்தக் கூட்டத்தில் இருப்பார். "டேனரியை மூடு" என்று நீங்கள் முழக்கமிட்டால் அவர்கள் வீட்டு அடுப்பை நோக்கி முழக்கமிடுகிறீர்கள் என்றே பொருள்கொள்வார்கள். அப்படிப் பொருள்கொள்ளும்படி செய்ய ஆட்களும் இருக்கிறார்கள். முழக்கம் மத அடையாளத்தின் பக்கம் சாய்ந்தால், தீர்ப்பை நிறைவேற்ற விரும்பாதவர்களுக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. குல்தீப் சிங்கின் தீர்ப்பு அந்தப் பக்கம் போகவில்லை. தோல் தொழில் அந்நியச் செலாவணிக்கும் வேலைவாய்ப்புக்கும் மிக முக்கியமானது என்று ஒப்புக்கொண்டு, ஆனால் சூழலை அழிக்கவும் மக்கள் நலத்தைக் கெடுக்கவும் அதற்கு உரிமை இல்லை என்றது. வளர்ச்சியும் சூழலும் ஒன்றுக்கொன்று எதிரி என்ற பழைய கருத்து இனி ஏற்கத்தக்கதல்ல என்றும் அதில் இருக்கிறது. டெல்லியிலிருந்து தொழிற்சாலைகளை வெளியேற்றிய அவருடைய மற்றொரு தீர்ப்பில் தொழிலாளர்கள் பட்ட பாட்டைச் சுட்டிக்காட்டிக் குறை சொன்னவர்கள் உண்டு. அந்த விமர்சனத்தை மனத்தில் வைத்துக்கொண்டால், இங்கே கேட்க வேண்டியது கணக்கும் வசூலும் சுத்திகரிப்பும் என்பது தெளிவாகும். மாசின் முதல் பலி பல நேரங்களில் தொழிலாளியே. 2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் பொது சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். இறந்தவர்களுக்கு இந்தத் தொகுதிகளில் வாக்கு இல்லை என்பதும் அந்தச் செய்தி விரைவில் அடங்கிப்போனதற்கு ஒரு காரணம்.

அரசும் மாசுபடுத்தியவர்களின் வரிசையில் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. ராணிப்பேட்டையில் அரசின் பங்கோடு தொடங்கி 1995ல் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலையின் வளாகத்தில் இரண்டு லட்சம் டன்னுக்கும் மேல் குரோமியக் கழிவு குவிந்து கிடந்தது. தனியார் தொழிற்சாலையிடம் வசூல் கேட்கும் அரசியல், இந்தக் கழிவுக்கு அரசிடமும் கேட்டால்தான் நேர்மையானதாக இருக்கும்.

நீதிமன்றத்தை மட்டும் நம்பியிருப்பதன் அபாயத்தை அவருடைய இன்னொரு தீர்ப்பின் கதை காட்டுகிறது. பெட்ரோல் பங்குகளைத் தன் விருப்பப்படி ஒதுக்கியதற்காக முன்னாள் மத்திய அமைச்சர் சதீஷ் சர்மா 50 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று 1996ல் அவருடைய அமர்வு உத்தரவிட்டது, நாடே பேசியது, 1999ல் அதே நீதிமன்றத்தின் வேறொரு அமர்வு அதை ரத்து செய்துவிட்டது. வேலூர் தீர்ப்பு ரத்தாகவில்லை, 2025ல் மேலும் உறுதியாகியிருக்கிறது. ஆகவே இனி அதை நிறைவேற்றாமல் இருக்கச் சட்டத்தில் சாக்கு இல்லை.

நாள் பார்த்துத் தொடங்க விரும்பினால் உள்ளாட்சித் தேர்தலை மனத்தில் வையுங்கள். மாவட்டப் பிரிவினையால் தள்ளிப்போன ஊரக உள்ளாட்சித் தேர்தல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் 2021 அக்டோபரில்தான் நடந்தது. அந்த ஐந்தாண்டுக் காலம் 2026 அக்டோபரில் முடிகிறது. ஒரு வார்டில் சில நூறு வாக்குகளே இருக்கும். பத்து, இருபது வாக்குகளில் வெற்றி மாறுவது சாதாரணம். பட்டியலில் பெயர் உள்ள குடும்பங்களின் வாக்கு ஒரு வார்டில் முப்பது இருந்தால்கூட, வேட்பாளர் அந்தப் பட்டியலைத் தானே கேட்டு வாங்கிப் படிப்பார். உங்கள் மன்றத்தில் ஒருவரே நிற்க முன்வந்தால் இன்னும் நல்லது. ஊராட்சி மன்றத் தலைவரின் கையெழுத்தோடு ஆட்சியருக்குப் போகும் கடிதத்துக்கும், இளைஞர் மன்றத்தின் கடிதத்துக்கும் அலுவலகத்தில் கிடைக்கும் மரியாதை வேறு வேறு.